காமாலையோடு பார்த்த எண்

திருப்பாதிரிப்புலியூரில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை என்னுடையது. என் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கவனித்தவர் ஒரு வாடிக்கையாளர். ஒரு வாரம் கீழாநெல்லி குடித்தேன். மஞ்சள் கூடியது, உடம்பரிப்பு உயிரை வாங்கியது.

மனைவியின் தம்பி குமார் மருத்துவரிடம் போகாமல் நேரே என்னை லேபுக்கு இழுத்துப் போனான். இருக்கிற டெஸ்ட் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னான். அதில் சிஏ 19-9 (கணையம், பித்தக்குழாய்ப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு பொருள்) ஒன்று. முப்பத்தேழுக்குள் இருக்க வேண்டியது, எனக்கு அறுநூற்று நாற்பது. செல்போனில் தேடிப் படித்துவிட்டு லேப் வாசலிலேயே அழுதான்.

அன்று மாலையே உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் இருக்கும்போதே மகள் கவிதாவின் கல்யாணத்தை முடித்துவிட வேண்டுமாம். சிதம்பரத்தில் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறவள். பெண்ணாடத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி நாளும் பார்த்துவிட்டார்கள். பயத்தில் நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

செய்தி கேட்டு வந்த கவிதா அழவில்லை.

"காமாலையில இந்த டெஸ்ட்ட யாருப்பா எடுக்கச் சொன்னது? மொதல்ல டாக்டர பாப்போம்."

சிதம்பரத்து மருத்துவர் ஸ்கேன் எடுத்தார். பித்தக்குழாயில் கல். கட்டி எதுவும் தென்படவில்லை.

"பித்தம் அடைச்சிக்கிட்டாலே இந்த நம்பர் ஏறும்ங்க. கல்ல எடுத்து, காமாலை எறங்கினப்புறம் மறுபடி பாப்போம். அப்பவும் ஜாஸ்தியா இருந்தா மேற்கொண்டு தேடணும்."

"அப்ப கல்யாணம் சார்?" என்றான் குமார்.

"யாருக்கு?" என்றார் மருத்துவர். நோயாளியான நான்தான் முதலில் சிரித்தேன்.

எண்டோஸ்கோப்பியில் (வாய்வழியே குழாய் செலுத்தி) கல்லை எடுத்தார்கள். அரிப்பு அடங்கியது. ஒருநாள் பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசனைக்குப் பசித்தது. பசி இவ்வளவு சந்தோஷமான விஷயம் என்று ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

காமாலை முழுதாக இறங்கிய பின் மறுபடி ரத்தம் கொடுத்தேன். இருபத்திரண்டு. மறு ஸ்கேனும் சுத்தம். குமார் இந்த முறையும் அழுதான்.

காமாலையோடு இந்த எண்ணைப் பார்த்துக் கலங்கி நிற்பவர்களே, அதை அலட்சியமும் செய்யாதீர்கள், அதை நம்பி நாளும் குறிக்காதீர்கள். அடைப்பு நீங்கிய பின் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் செய்தேன்.

"பொண்ணு படிச்சு முடிக்கட்டுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. நான் இருக்கேன்."