முட்டியில் தேய்த்த டிரான்ஸ்பார்மர் ஆயில்

இன்று சிவகாசியில், பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனியின் டிரான்ஸ்பார்மரைச் சோதிக்கப் போயிருந்தேன்.

சீசன் நேரம். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி மெஷின்களை நிறுத்த வைத்து, டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் ஆயிலில் ஒரு பாட்டில் எடுத்தேன். லேசாக ஈரக் காற்று பட்டாலும் சோதனை முடிவு தப்பாகிவிடும். அதனால் இறுக்கி மூடியிருந்தேன்.

விருதுநகர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். வழக்கம்போல, உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் பையைக் கொடுத்தேன். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வருகிறவர்.

"பாத்து வச்சுக்கோங்கக்கா, உள்ள டிரான்ஸ்பார்மர் ஆயில் இருக்கு."

அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், பாட்டில் திறந்திருக்கிறது. அக்கா முட்டியில் ஆயிலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?" பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

"கோவிச்சுக்கிடாதீக சார். முட்டி வலிக்கு நல்லதுன்னு சொன்னாக. ரெண்டு சொட்டுதான் எடுத்தேன்."

ஆமத்தூர் ஸ்டாப்பில், பையை என்னிடம் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

முதலாளிக்குப் போன் போட்டேன். "இன்னொருக்க நிறுத்தணுமா? தீவாளி முடியட்டும் சார்" என்று வைத்துவிட்டார். அதுவரை அந்த டிரான்ஸ்பார்மர் தாங்குமா, தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். பாட்டிலை வாங்கி மோந்து பார்த்துவிட்டு அம்மா கேட்டார்:

"வீணாப் போனதுதானலே? எனக்கும் முட்டிக்குக் கொஞ்சம் ஊத்து."

அது மருந்தில்லை, தோலுக்கு ஆகாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

அந்தப் பொறுமை பஸ்ஸில் எங்கே போயிருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.