ஆற்றில் போட்ட பீங்கான் பொம்மை

பர்கத்துல்லாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. ஒருதலைப்பட்சமாகத்தான் பேசப்போகிறேன்.

ஃபக்ருன்னிசா பபேடான் பேட்டையில் எங்கள் கட்டடத்து மேல்மாடியில் இருந்தாள். எங்கள் ஜமாத்தில் எந்தப் பெண் மவுத்தானாலும் மய்யித்தை, உயிர் போன உடலைக் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் கூடப் போய்த் தண்ணீர் ஊற்றுவேன். நன்மையை நாடிச் செய்கிறாள் என்று ஊரே அவளைப் புகழ்ந்தது. அவள் எதற்காக அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் கணவர் மாஹிர் பீங்கான் கடை வைத்திருந்தார். அலோன் துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றின் இத்தாலியச் சமையற்காரர் காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது, மாஹிர் தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார். பிழைத்து எழுந்தவர் போகும்போது ஒரு பழைய பீங்கான் பொம்மையைக் கையில் வைத்துவிட்டுப் போனார். நாற்காலியில் உட்கார்ந்து சீட்டாடும் தொந்திக்காரன். ஓரக்கண் பார்வை. ஒரு சீட்டைத் தொடைக்கடியில் ஒளித்து வைத்திருப்பான்.

அதைச் செய்தவர் அந்தச் சமையற்காரரின் பாட்டனுக்குப் பாட்டன், கார்லோ பெனத்தி. அவர் செய்த உருவங்களையெல்லாம் பட்டறை முதலாளி தன் மகன் செய்ததாகச் சொல்லி விற்றான். கேட்டதற்கு வேலையை விட்டு நீக்கினான். கணக்குத் தீர்த்துப் போகும் முன் கடைசியாக ஒன்று செய்து தருகிறேன் என்று சொல்லி, கார்லோ இந்தப் பித்தலாட்டக்காரனைச் செய்து கொடுத்தார். முகம் அச்சு அசல் முதலாளியின் முகம். தன் முகம் தனக்குத் தெரியுமா? முதலாளி அதைக் கடை வாசலில் கண்ணாடிக்குள் வைத்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையடித்தான். ஊர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. விஷயம் அவனுக்கு எட்டியபோது கார்லோ வேறு ஊரில் இருந்தார், அச்சில் எடுத்த இன்னொரு பொம்மையும் அவரோடு இருந்தது. மாஹிர் கைக்கு வந்தது அதுதான்.

மாஹிர் இந்தக் கதையைச் சொல்லும்போது ஃபக்ருன்னிசா விழுந்து விழுந்து சிரிப்பாளாம். தொழுகிற வீட்டில் உருவம் வைப்பதில்லை என்பதால் பொம்மை கடையில்தான் இருந்தது. அவளுக்கு ஆசை வந்தால் கடைக்குப் போய்ப் பார்ப்பாள்.

எண்பத்தெட்டில், ஊர் கொந்தளித்துக் கடைகள் கதவடைத்துக் கிடந்த நாட்களில், மாஹிர் நெஞ்சுவலியில் போய்விட்டார். கணவனை இழந்தவள் இத்தா இருக்கும் மாதங்களில் வாசல் தாண்ட மாட்டாள். அது தெரிந்துதான் மாஹிரின் அண்ணன் பர்கத்துல்லா அந்த மாதங்களிலேயே கடையைத் தன் பெயருக்கு ஆக்கிக்கொண்டார். தம்பியை அடக்கிய மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை. ஃபக்ருன்னிசா சண்டைக்குப் போகவில்லை. பொம்மையை மட்டும் கொடுத்தனுப்பச் சொல்லி என்னை அனுப்பினாள்.

"உருவம் இருக்குற எடத்துக்கு மலக்குமாருங்க வரமாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியாதா? ஆத்துல போட்டுட்டேன்னு சொல்லு" என்று வானவர்களைத் துணைக்கு இழுத்தார் பர்கத்துல்லா.

போய்ச் சொன்னேன். மாஹிர் இறந்த அன்று அழுததைவிட அவள் அன்றைக்குத்தான் அதிகம் அழுதாள். அவர் கை தொட்ட பொருளென்று அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

சில வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பர்கத்துல்லாவின் மனைவி சுல்தான் பீவி அவளை ஓரமாக இழுத்துப்போனாள். நல்ல மனுஷி, மனசு கேட்கவில்லை. பொம்மை ஆற்றில் இல்லை, தன் புடவை அலமாரியில் மேல்தட்டில் சிவப்புத் துணி சுற்றி இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் தன் கணவர் எடுத்துத் துடைத்துக் கொஞ்சிவிட்டு வைக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

ஃபக்ருன்னிசாவை அந்த வீட்டுப் படியேற விடமாட்டார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். மறுவாரமே மய்யித்துக் குளிப்பாட்டப் பழகப் போனாள். ஏன் என்று கேட்டேன்.

"எந்த வீட்டுக் கதவும் ஒரு நாளைக்கு இதுக்குத் தொறந்துதானே ஆகணும்" என்றாள்.

யார் வீட்டுக் கதவைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் கூடப் போனேன்.

இரண்டாயிரத்து மூன்றில் சுல்தான் பீவியே மவுத்தானாள். காலையில் ஆள் வந்தது. பசுந்தாங் பேட்டையில் அவர்கள் வீட்டுக் கூடம் நிறைய ஜமாத்தார். பர்கத்துல்லா அப்போது பள்ளிவாசல் நிர்வாகி, தாடியெல்லாம் வெண்பஞ்சு. ஃபக்ருன்னிசா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உருவம் இருக்குற எடத்துக்கு மலக்குமாருங்க வரமாட்டாங்க. அத எடுத்துடுங்க மச்சான், நான் உள்ள வந்து வேலையப் பாக்குறேன்."

"இங்க ஏது உருவம்?" என்றார் அவர்.

ஜமாத் தலைவர் ஆபித் பாய் திரும்பினார். "பர்கத்து, அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு. இருக்கா?"

"இல்ல பாய்."

"பொடவ அலமாரி, மேல்தட்டு. செவப்புத் துணிக்குள்ள" என்றாள் ஃபக்ருன்னிசா.

பர்கத்துல்லாவின் மகள் ஸமீரா அழுத கண்ணோடு போய் எடுத்து வந்து துணியை விலக்கினாள். ஓரக்கண் தொந்திக்காரன் அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் பொம்மையைப் பார்த்தேன், பர்கத்துல்லாவைப் பார்த்தேன். அதே ஓரக்கண். கையும் களவுமாகப் பிடிபட்ட முகத்தில் ஈயாடவில்லை.

"இத ஆத்துல போட்டுட்டேன்னு எங்கிட்டயே சொன்னியேப்பா" என்றார் ஆபித் பாய்.

பர்கத்துல்லா குரலை இறக்கினார். "ஒம் பொருளு, நீயே எடுத்துட்டுப் போ புள்ள."

"எங்க வீட்டுலயும் தொழுறோம் மச்சான். நீங்க சொன்ன எடத்துலயே போட்டுடுங்க. சொன்ன வாக்கு பொய்யாவக் கூடாதுல்ல."

ஆபித் பாய் அவரோடு இரண்டு பேரை அனுப்பினார். ஆற்றில் போய்ச் சேரும் ஓடை பக்கம்தான். பர்கத்துல்லா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து போனதை அந்த வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெறுங்கையோடு திரும்பியவர் மனைவிக்காக அழுகிறார் என்று தெருவில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்களாம்.

அதற்குள் ஃபக்ருன்னிசா கதவைச் சாத்திக்கொண்டாள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலச் சுல்தான் பீவியைக் குளிப்பாட்டினாள். "ஒங்களக் காக்க வச்சுட்டேன் லாத்தா, மன்னிச்சுக்கங்க" என்று காதருகே சொன்னாள். நான் கற்பூரத் தண்ணீரை ஊற்றினேன்.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஆறவில்லை. "ஒங்க மாஹிர் மச்சான் நெனப்புக்கு இருந்தது அது ஒண்ணுதானேடி. இப்படி ஓடையில போட வச்சுட்டியே" என்றேன்.

அவள் பேருந்துக்குக் கை காட்டினாள்.

"ஆத்துல போச்சுன்னு நான் அப்பவே அழுது முடிச்சுட்டேன். இனிமே அவரு அழட்டும்."