முழங்கை சிஸ்டர்

சங்கரன்கோவிலில் என் பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. முழங்கை சிஸ்டர் என்று கேட்டால் ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். பிரசவ அறையில் பிள்ளையின் தலை தெரிந்தும் வெளியே வராமல் நிற்கும் நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, தாயின் மேல்வயிற்றில் முழங்கையை ஊன்றி, உடம்புப் பாரத்தை மொத்தமாக இறக்கிக் கீழே தள்ளுவேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அதை என்னளவுக்குச் செய்ய வேறு ஆள் கிடையாது. எழுபத்தெட்டு கிலோ இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேரில் எனக்குப் பெருமைதான்.

முழங்கையோடு நின்றுவிடவும் இல்லை. "ஏட்டி, முக்குட்டி" என்று கத்துவேன். தொடையில் சுளீரென்று அறைவேன். "அப்பம் இனிச்சுது, இப்பம் வலிக்கோ?" என்று நானும் கேட்டிருக்கிறேன்; மூத்த சிஸ்டர்கள் கேட்டதைக் காதில் வாங்கி வாயால் விட்டேன். என் கையைத் தள்ளிவிடப் பார்த்தவளின் மணிக்கட்டைத் துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை. பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கையைக் கழுவிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

ஒருமுறை மேலநீலிதநல்லூர்ப் பெண் ஒருத்தியை அமுக்கும்போது என் முழங்கைக்கு அடியில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. விலா எலும்பு. அவள் போட்ட கூப்பாட்டைப் பிரசவ வலி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். பத்து நாள் கழித்துத் தையல் காட்ட வந்தவள், ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் லட்டு டப்பாவை நீட்டினாள். "நீங்க இல்லைன்னா என் பிள்ளை இல்ல சிஸ்டர்" என்றாள். மூச்சை முழுசாக இழுக்க முடியாமல் துண்டு துண்டாகத்தான் அதைச் சொன்னாள். நான் லட்டை வாங்கித் தின்றேன்.

போன வருஷம், என்னோடு நர்சிங் படித்த தோழி ஒருத்தி போன் செய்தாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். ஒரு சிகிச்சையைப் பற்றி உலகத்தில் இதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் தேடிப் பிடித்து, எது நம்பும்படி இருக்கிறது, எது இல்லை என்று சலித்து, மொத்தத்தில் அந்தச் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கிற வேலையில் இறங்கியிருந்தாள். சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்று அதற்குப் பேர். ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேண்டும், ஒருத்தர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது, அதனால் இரண்டாவது ஆள் வேண்டும் என்றாள்.

"எதைப் பத்திட்டி பாக்கிய?" என்று கேட்டேன்.

"வயித்தை அமுக்குததைப் பத்தி" என்றாள். "உன்னைய விட அனுபவம் யாருக்கு இருக்கு?"

சிரித்துக்கொண்டே சரி என்றேன். என் முழங்கைக்கு உலக அளவில் சர்டிபிகேட் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

காலை டூட்டி முடிந்து வந்து, பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து வாசிப்பேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வாசித்தேன். கட்டம் போட்ட படிவம் ஒன்றைத் தோழி தந்திருந்தாள். யார் அமுக்கினார்கள், எப்படி அமுக்கினார்கள், நேரம் குறைந்ததா, பிள்ளைக்கு என்ன ஆனது, தாய்க்கு என்ன ஆனது. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் கட்டுரையை மேலும் கீழுமாகத் தேடுவேன். வலி, காயம், விலா எலும்பு, பயம், ஒன்றும் இருக்காது. 'குறிப்பிடப்படவில்லை' என்று எழுதுவேன். அடுத்ததிலும் அதையே எழுதுவேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை படித்தவர்கள் கூடி நின்று பார்த்திருக்கிறார்கள், வலிச்சுதா தாயி என்று ஒருத்தருக்குமா கேட்கத் தோன்றவில்லை? உடனே, நான் மட்டும் யாரிடம் கேட்டேன் என்ற நினைப்பு வரும். லேப்டாப்பை மூடிவிட்டு மறுநாள் டூட்டிக்குப் போவேன்.

கடைசியில் தோழி முடிவைச் சொன்னாள். அமுக்கினால் பிரசவம் சுலபமாகும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. கெடுதல் செய்யாது என்று சொல்லவும் போதாது.

"இதுக்காகவாட்டி மூணு மாசம் கண்ணைக் கெடுத்தேன்? தெரியலைங்கதுதான் முடிவா?" என்று சத்தம் போட்டேன்.

"தெரியலைன்னு தெரிஞ்சிருக்குல்லா" என்றாள் தோழி. "இம்புட்டு நாளும் அதுகூடத் தெரியாமத்தான அமுக்குனோம்."

அதே மாதத்தில் என் தங்கச்சிக்குப் பிரசவம். கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்கு அப்புறம் தங்கின பிள்ளை. அவள் மாமியார் பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்தாள், என் முழங்கையை நம்பித்தான். தங்கச்சியும் நம்பினாள். வலி எடுத்து உள்ளே வரும்போதே, "யக்கா, நீ அமுக்கிருவல்லா? சீக்கிரம் முடிஞ்சிரும்லா?" என்றாள். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு அவள் கொலுசைக் கழற்றினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தலை தெரிந்தது. ஒரு மணி நேரம் முக்கினாள். தலை எட்டிப் பார்க்கும், உள்ளே போய்விடும். முகமெல்லாம் வீங்கிக் கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது. டாக்டர் மேடம் காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"ஏறுங்க சிஸ்டர்."

ஏறினேன். பழக்கம். முழங்கையைக் கொண்டுபோய் வைத்தும்விட்டேன். அடியில் அவள் விலா எலும்பு தட்டுப்பட்டது. அந்தச் சுள்ளிச் சத்தம் காதுக்குள் கேட்டது. கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

"என்னால முடியாது மேடம்."

"என்ன சிஸ்டர் விளையாடுதீங்களா? அமுக்குங்க."

"பிள்ளைத் துடிப்பு நல்லா இருக்கு மேடம். இப்பந்தான் பாத்தேன். கொஞ்சம் பொறுப்போம்."

தங்கச்சி என் முன்கையைப் பிடித்து நகத்தால் கீறினாள். ரத்தம் வந்துவிட்டது. "அமுக்குக்கா. செத்துருவேன்க்கா. உனக்குக் கண் இல்லையா?" என்று அலறினாள். அந்த அலறல் கேட்டு வெளியே அவள் மாமியார் கதவை இரண்டு கையாலும் அடிக்கத் தொடங்கினாள். மேடம் இன்னொரு சிஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் ஸ்டூலில் ஏறி முழங்கையை மடக்கினாள். நான் அவள் வெள்ளைக் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கருவிகள் வைத்திருந்த தட்டின் மேல் போய் விழுந்தாள். கத்தரியும் இடுக்கியும் தரையில் சிதறின. மேடம் என் தோளைப் பிடித்துத் தள்ளினார், என் மண்டை சுவரில் மோதியது.

"வெளிய போங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

"இதுவரைக்கும் யாரு மேடம் பதில் சொன்னா?" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

போகவில்லை. கட்டிலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். தங்கச்சியை இடதுபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, மேல்காலை என் தோளில் தாங்கிக்கொண்டேன். அவள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினாள், தோளில் உதைத்தாள். உதையட்டும் என்று நின்றேன். ஒவ்வொரு வலிக்கும் நடுவில் துடிப்பைப் பார்த்தேன். பிள்ளை வர இன்னும் கால் மணி நேரம் ஆனது; அதற்குள் துடிப்பு ஒருமுறை இறங்கியிருந்தால் என் கதி என்ன, அவள் கதி என்ன? இறங்கவில்லை. தலை வந்தது, தோள் வந்தது, மேடம் கையில் பிள்ளை வழுக்கி விழுந்தது. பெண் பிள்ளை. வந்ததும் அழுதுவிட்டது. மேடம் தொப்புள்கொடியை வெட்டிவிட்டு, நாளைக்கு ஆபீசுக்கு வந்து பேசச் சொன்னார்.

அமுக்காததால்தான் நன்றாகப் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒருத்தியை வைத்து அப்படிச் சொல்லக்கூடாது என்பதைத்தானே மூன்று மாதம் படித்தேன். வெளியே வந்ததும் தங்கச்சி மாமியார் என் வலது முழங்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைதாம் தாயி எங்க குலத்தைக் காப்பாத்துச்சு" என்றாள். நான் கையே வைக்கவில்லை என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

சாயந்தரம் வார்டுக்குப் போனேன். தங்கச்சி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முன்கைக் கீறலைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன்க்கா அமுக்கல?"

"அதனால நல்லதுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாதுட்டி. விலா ஒடியும். உனக்கு எப்படிச் செய்வேன்?"

அவள் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அப்பம் மத்தவளுவளுக்கு?" என்றாள்.

அடுத்த கட்டிலில் குருவிகுளத்துப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். முந்தின நாள் காலையில்தான் அவளுக்குப் பிரசவம். மேடம் ஏறச் சொன்னார், ஏறினேன். படிவத்தை எல்லாம் நிரப்பி அனுப்பி, முடிவையும் கேட்டபிறகுதான் ஏறினேன். வாசித்த அந்த மூன்று மாதமும் ஏறிக்கொண்டுதான் இருந்தேன்.

நாங்கள் பேசியதை அவள் கேட்டிருந்தாள். மெதுவாகத் திரும்பி, நைட்டியின் பக்கத்துப் பொத்தானைக் கழற்றி விலாவைக் காட்டினாள். என் முழங்கை அளவுக்கு நீலம் பாய்ந்திருந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சிஸ்டர், அமுக்காமயும் வருமா?"

தெரியாமச் செஞ்சுட்டேன் தாயி என்று யாரும் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன். தெரிந்துதானே செய்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வலிக்கா?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தியிடம் கேட்டேன்.

"வலிக்கு" என்றாள்.