தாளம் தப்பிய டிரம்மர்

சவூதியில் ஜுபைல் கேம்ப்பில் நான் ஆட்களின் வேலை நேரம் குறிக்கும் டைம்கீப்பர். டிகிரி படித்தவன் என்பதால், தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் சேஃப்டி மீட்டிங்கில் மேனேஜர் பேசுவதைத் தமிழில் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. எங்கள் சேஃப்டி மேனேஜர் வெள்ளைக்காரர், பிரிட்டிஷ். வாய்க்குள்ளேயே மென்று பேசுவார். பாதிதான் எனக்குப் புரியும். புரியவில்லை என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். "யெஸ் சார்" என்று தலையாட்டித் தொலைத்தேன். ஒன்றரை வருடமாக ஹெல்மெட், பெல்ட், கிளவுஸ் என்று பழகிய பாட்டையே பாடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மெஸ்ஸில் திரை கட்டி, தன் நாட்டுச் சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டார். ஐந்து வாத்தியக்காரர்கள் ஓட்டை வேன் ஒன்றில் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் கதை. "நீ பக்கத்தில் நின்று தமிழில் சொல்" என்றார். நாற்பது பேர் என் வாயையே பார்த்தார்கள்.

படத்தில் யாரும் நிறுத்தி நிதானமாகப் பேசவில்லை. நான் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் மேனேஜரும் மகிழ்ச்சியாகச் சிரித்தார். எனக்குத் திமிர் ஏறிவிட்டது.

திரையில் டிரம்மர் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதான். "பாவம், பொண்டாட்டி ஓடிப்போயிட்டா" என்றேன். மெஸ்ஸே உச்சுக் கொட்டியது.

முன்வரிசையில் சிவகங்கைப் பக்கத்து ஃபிட்டர் அண்ணன் இருந்தார். ஊரில் நையாண்டி மேளத்தில் தவில் வாசித்தவர். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"பொண்டாட்டியெல்லாம் இல்ல தம்பி. அந்தாளு தாளத்த விட்டுட்டான். குழல்காரன் மொறைக்கிறான் பாரு. இது எனக்குத் தெரியாதா?"

அடுத்த காட்சியிலேயே அந்த மனைவி தேநீரோடு வந்து அவன் தலையைக் கோதினாள். மெஸ் வெடித்துச் சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"அப்ப வியாழக்கெழம சொன்னியே, டேங்குக்கு டேக் மாட்டியாச்சு, சனிக்கெழம காலைல நேரா உள்ள எறங்கலாம்னு. அது அவரு சொன்னதா?"

டேக் என்பது உள்ளே இறங்கலாம் என்று வாசலில் மாட்டும் அனுமதி அட்டை. மறுநாள் முதலில் இறங்க வேண்டியவர் அவர்தான். மேனேஜர் அன்று நிறையப் பேசினார். என் காதில் விழுந்தது டேக், டேங்க், சாட்டர்டே என்ற மூன்று சொல்தான். மீதியை நானே கட்டிவிட்டேன்.

"தெரியலண்ணே" என்றேன்.

"போய்க் கேளு."

பின்வரிசைக்குப் போக இருபது அடி இருக்கும். வேலை போகும், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், ஊரில் என்ன சொல்வது என்பதெல்லாம் அந்த இருபது அடிக்குள் வந்து போனது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கக்கேடு. அண்ணன் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வியாழக்கிழமை நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. மெதுவாக ஒரு தரம் சொல்லுங்கள்" என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. படத்தை நிறுத்தினார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். டேங்கில் நைட்ரஜன் வாயு விட்டிருக்கிறார்கள். வாசனை இருக்காது, இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். பழைய டேக் செல்லாது. சனிக்கிழமை அவரே வந்து உள்ளே காற்றை அளந்து புது டேக் மாட்டும்வரை ஒருவரும் தலையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது.

"எத்தனை நாளாக இப்படி?" என்றார்.

"ஒன்றரை வருடம் சார்."

அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

என்னை ஏன் அனுப்பவில்லை என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை அவர் ஒரு வரி சொல்லி நிறுத்தினார், நான் ஒரு வரி சொன்னேன். முடித்ததும் நாற்பது பேர் முன்னால் அண்ணன் கேட்டார்.

"இது அவரு சொன்னதா, நீ சொன்னதா?"

"அவர் சொன்னதுண்ணே."

அதன் பிறகுதான் ஹெல்மெட்டை மாட்டினார். நான் அங்கிருந்து கிளம்பும் நாள்வரை, தினமும் காலையில் அதைக் கேட்காமல் அவர் ஹெல்மெட்டைத் தொட்டதே இல்லை.