டெலேனியின் சாமந்தி

டெலேனியின் அறையிலிருந்து மணிச்சத்தம் கேட்டது.

ஒரு மணி அல்ல, ஒரு கொத்து மணி. குலுங்கி, நின்று, மறுபடி குலுங்கியது. சமையலறை மேசையில் ரிப்பன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த டோன்யாவின் கையில் பசைத் துப்பாக்கி அப்படியே நின்றது. அவள் வாங்கி வந்த மணிகள் அத்தனையும் இதோ, கண்ணெதிரே கிண்ணத்தில் கிடக்கின்றன. அப்படியென்றால் உள்ளே குலுங்குவது யாருடைய மணி?

விடிந்தால் ஹோம்கமிங். படித்துவிட்டுப் போனவர்களெல்லாம் பிரேஸ்வெல்லுக்குத் திரும்பி வந்து, பள்ளி மைதானத்தில் ஃபுட்பால் பார்க்கிற நாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் மார்பில் சாமந்தி குத்திக்கொள்வார்கள். துணிச் சாமந்திதான், ஆனால் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். அதிலிருந்து முழங்கால் வரை ரிப்பன்கள் தொங்கும். ரிப்பன்களில் மணிகள், குட்டிப் பந்து, கரடிப் பொம்மை. அது இல்லாமல் டெக்ஸஸில் ஒரு ஹோம்கமிங்கா? மகளுக்கு அதைச் செய்து தருவது அம்மாவின் பாடு. மூன்று வாரமாக டோன்யாவின் மேசையில் சாப்பிட இடமில்லை.

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

டெலேனி கண்ணாடி முன்னால் நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள். மார்பில் ஒரு சாமந்தி. நீலமும் தங்கமுமாகப் பள்ளியின் நிறத்தில், பின்னிய ரிப்பன்களோடு, டோன்யா செய்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

"யாரு குடுத்தது?"

"மிஸ் ஷானா." மகள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "லைட்டுகூட எரியுதும்மா, பாரேன்!"

"டீம்ல எல்லாருக்குமா குடுத்தா?"

"இல்ல, எனக்கு மட்டும்." சொன்ன பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிப்போனது. "நான் கேக்கலம்மா. அவங்களா குடுத்தாங்க."

டோன்யா கதவைச் சாத்தினாள்.

ஷானா! இந்தப் பெயர் தன் வாழ்க்கையில் இன்னும் எத்தனை முறைதான் குறுக்கே வந்து நிற்கும்?

ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் அவர்கள். ஷானா சியர்லீடர், ஆட்ட மைதானத்தில் ஆடிக் குதித்துக் கூட்டத்தை உற்சாகப்படுத்துகிறவள். இரண்டு பெண்களின் உள்ளங்கையில் ஒற்றைக்காலால் நின்று அவள் கையை உயர்த்தினால் ஊரே எழுந்து கத்தும். டோன்யா பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்தாள். முரசுச் சத்தத்தில் அவள் கிளாரினெட் அவள் காதுக்கே கேட்காது. ஒரு வருடம் அவளும் சியர் தேர்வுக்குப் போனாள். தேர்வானவர்களின் பெயர்களைப் படித்து முடித்த பிறகும், இன்னும் ஒன்று பாக்கி இருக்கும் என்று வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

அந்த டோன்யா இன்று பள்ளியின் மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறாள். காலையில் பருத்திக் காட்டு வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் பொறுக்கி வருவாள். வெளியூர் ஆட்டமென்றால் சியர் பெண்களை ஏற்றிப் போவாள். ஷானா அந்தப் பெண்களுக்குப் பயிற்சியாளர். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை அவளுடையது. அவள் தோளில் சாய்ந்தபடி டெலேனி சிரிப்பது டோன்யாவின் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் தெரியும். பார்க்காமல் இருக்கலாமென்றால் முடியுமா? கண்ணாடியில் பின்னால் பார்ப்பதுதானே அவள் வேலை!

வசந்தத்தில் டெலேனி, அம்மாவைப் போலவே வாசித்துவந்த கிளாரினெட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, சியர் அணியில் இடம் கிடைத்துவிட்டது, அதுவும் மேலே ஏறி நிற்கிறவளாக, என்று குதித்துக்கொண்டு வந்தாள். டோன்யா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பிறகு வெளியே போய்க் காலி பஸ்ஸில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். ஆனந்தமா, பொறாமையா? பெற்ற மகள் மேலேயே பொறாமைப்படுகிற பாவி உண்டா? அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்ளவே அவள் பயந்தாள்.

கணவன் ராய்ஸின் அவஸ்தை வேறு மாதிரி. பருத்தி ஜின்னிங் மில்லில் வெல்டிங் வேலை பார்க்கிற முரட்டு ஆள். "அது பாவாடையா, கைக்குட்டையா?" என்று முதல்நாள் கத்தினான். ஆனாலும் ஒரு ஆட்டம் விட்டதில்லை. மகளைத் தூக்கி மேலே எறியும் நேரத்தில் மட்டும் தின்பண்டக் கடையின் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "இறங்கிட்டாளா? பிடிச்சிட்டாளுங்களா?" என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான். டோன்யா அதுவும் இல்லை. வெளியூரில் ஆட்டமென்றால் பஸ்ஸைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உள்ளூரில் ஆட்டமென்றால் தலைவலி. மகள் மேலே நிற்பதை அவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

இப்போது அவள் விடுவிடென்று படுக்கையறைக்குப் போனாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பளபளவென்று ஒரு வெள்ளி ரிப்பன் சுருளை எடுத்து வந்தாள். பள்ளியின் கடைசி வருடத்தில் தனக்காக வாங்கியது. அந்த வருடம் அவளுடைய அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிஃப்ட். சாமந்தி செய்து தர ஆளில்லை. சுருள் பிரிக்கப்படாமலே கிடந்தது. ஷானாவின் பூ பெரிதா, என் பூ பெரிதா, நாளைக்கு ஊர் பார்க்கட்டும்! வெட்டினாள், மடித்தாள், ஒட்டினாள். சூட்டுப் பசை விரலைச் சுட்டதுகூட உறைக்கவில்லை.

"டெலேனி! வா இங்க!"

மகள் ஓடி வந்தாள். பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அம்மா... வெள்ளி?"

"எப்படி இருக்கு?"

"வெள்ளி கடைசி வருஷத்துப் பிள்ளைங்களுக்கு மட்டுந்தானேம்மா! எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே. இதோட போனா உள்ள நுழையுறதுக்குள்ள பிச்சு எறிஞ்சிடுவாளுங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாதா? பிரேஸ்வெல்லில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ராய்ஸ் வாசற்படியில் வந்து நின்றான். பூவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"டோன்யா, நீ யாருக்கும்மா செஞ்சே இதை?"

டோன்யா வெள்ளி ரிப்பனைப் பிடித்து இழுத்தாள். காய்ந்த பசை விடவில்லை. இன்னும் இழுத்தாள். இதழ்களோடு அது பிய்ந்து வந்தது. டெலேனி கையால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

ஷானா நின்றிருந்தாள். அதே நிமிர்ந்த முதுகு, அதே உயரக் கொண்டை.

"உள்ள வா, ஷானா. ஐஸ் டீ குடிக்கிறியா?" என்றான் ராய்ஸ்.

"மேடம் ரொம்ப நேரம் நிக்க மாட்டாங்க," என்றாள் டோன்யா.

ஷானா அதைக் கேட்காதது போல் உள்ளே வந்தாள். "ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். காலையில டெலேனிக்குப் பூக் குத்தி விடணும். ஸ்கூலுக்கு முன்னாடி வரட்டுமா? செஞ்சவங்கதானே குத்தி விடணும்?"

"உனக்குத்தான் ரெண்டு பசங்க இருக்கானுங்களே. அவனுங்க சட்டையில போய்க் குத்தேன்!"

"டோன்யா!" என்று அதட்டினான் ராய்ஸ்.

"நீ சும்மா இரு. ஸ்கூல்ல படிக்கிறப்போ எல்லாத்தையும் இவதான் எடுத்துக்கிட்டா. இப்போ என் பொண்ணும் வேணுமா இவளுக்கு?"

ஷானா மேசையில் பிய்ந்து கிடந்த பூவை அப்போதுதான் பார்த்தாள். சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேல ஏறினா கண்ணு எங்க இருக்கணும் தெரியுமா? ஸ்டாண்டு உச்சியில அறிவிப்பாளர் கூண்டு இருக்கில்ல, அங்க. அப்பத்தான் உடம்பு ஆடாது. எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன் உன் பொண்ணுகிட்ட? கேக்க மாட்டேங்கிறா. வெளியூர்ல பஸ் நிக்கிற பக்கம் பாப்பா. இங்கன்னா கேட்டைப் பாப்பா. கால் ஆடும். கீழ தாங்குறவளுங்க கத்துவாளுங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உன்னைத் தேடுறா, டோன்யா. நான் கீழ நின்னு தொண்டை கிழிய எண்ணிக்கிட்டிருக்கேன், என்னை ஒருவாட்டி பாக்க மாட்டேங்கிறா. ஒரு பூ செஞ்சு குடுத்தாலாவது... ஆமாம், பொறாமைதான். போதுமா?"

ராய்ஸ் ஐஸ் டீக் குவளையைப் பிடித்தபடி நின்றான்.

பொறாமையா? ஷானாவுக்கா? என் மேலா? டோன்யாவின் மனம் அந்தச் சொல்லைக் கற்கண்டு போல் நாக்கில் உருட்டியது. இத்தனை காலம் தான் தின்ற நெருப்பை இன்று இவளும் தின்கிறாள்! நல்லவளாக இருந்திருந்தால் முதலில் இரக்கம் வந்திருக்கும். அவளுக்கு முதலில் வந்தது இனிப்புத்தான். அந்த இனிப்பு தொண்டையில் இறங்குவதற்குள், அவ்வளவு உயரத்தில் மகளின் ஒற்றைக்கால் ஆடுவது கண்முன் வந்தது. ஐயோ, என் பிள்ளை என்னைத் தேடியா ஆடினாள்? நான் பஸ்ஸுக்குள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒளிந்திருந்தேனே!

டெலேனி வந்து நிலைப்படியில் நின்றாள். அழுது மூக்குச் சிவந்திருந்தது.

"நாளைக்கு நான் எதைக் குத்திக்கட்டும்மா?"

இரண்டு பெண்களும் அவளையே பார்த்தார்கள். டோன்யா பிய்ந்த பூவை மேசையோரமாக ஒதுக்கினாள்.

"மிஸ் ஷானா செஞ்சதை. இது பிஞ்சு போச்சுல்ல."

சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சில் ஒரு நரம்பு அறுந்தது போலிருந்தது. ஷானாவின் முகமோ விளக்குப் போட்டது போல் மலர்ந்தது.

"அப்போ காலையில ஏழு மணிக்கு வந்துடறேன்."

"வேணாம்."

"டோன்யா..."

"செஞ்சது நீ. அதை இல்லேன்னு சொல்லல. ஆனா குத்தி விடறது நான். என் பொண்ணு மார்புல என் கைதான் படணும்." குரல் நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. "சாயங்காலம் ஸ்டாண்டுல கடைசி வரிசையில, அந்தக் கூண்டுக்கு நேர் கீழ உக்காந்திருப்பேன். அவ நீ சொன்ன இடத்தைப் பாத்த மாதிரியும் இருக்கும், என்னைப் பாத்த மாதிரியும் இருக்கும்."

டெலேனி ஓடிவந்து அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நிஜமாவா? தலைவலி வராதே?"

"வந்தாலும் வருவேன்டி."

அந்த அணைப்பை ஷானா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பது டோன்யாவுக்குத் தெரிந்தது. மகளின் கைகளைத் தன் இடுப்போடு இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"டீ?" என்றான் ராய்ஸ் பாவமாக.

"இன்னொரு நாள், ராய்ஸ்."

வாசலில் ஷானா கைப்பையைத் துழாவி, முத்துக்கொண்டை வைத்த நீளமான குண்டூசிகளை எடுத்தாள். கொடுக்க மனமில்லாதவள் போல ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு டோன்யாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டு போடு. அது ரொம்பக் கனம், ஒண்ணு தாங்காது."

"எனக்குத் தெரியும்," என்றாள் டோன்யா.

ஷானா படியிறங்கிப் போனாள். அவளுடைய பிக்கப் வண்டி கிளம்பும் வரைகூடக் காத்திருக்காமல், வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே, டோன்யா கதவைச் சாத்தினாள்.