கொழுந்துத் தராசின் கைரேகை

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சர்மிளா ஏழு வருஷமாகக் கம்ப்யூட்டர் கிளார்க். கொழுந்து நிறுக்கும் தராசுக்கான புரோகிராமைப் போட்டதும் அவள்தான். கெட்டிக்காரி, கூடவே கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்?

கொழும்பிலிருந்து கணக்குச் சோதனைக்கு வந்த இக்னேசியஸ் சேர் மூன்று நாளைக்கு முன் ஒரு குண்டைப் போட்டார். "ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹாஷ்னு ஒரு கைரேகை இருக்கு. ஒரு எழுத்து மாறினாலும் அது மொத்தமா மாறிரும். தராசு புரோகிராம்ல நாப்பத்தொரு ஃபைல் கொழும்புல இருக்கிற அசலோட ஒத்துப்போகுது. ஒண்ணு ஒத்துப்போகல. யாரோ கை வச்சிருக்காங்க."

தராசு அறைச் சாவி, கொழுந்து நிறுக்கும் ஜீவராஜிடம் இருந்தது. போதாதா? கொழுந்து நிறையைக் குறைத்துக் காட்டியவன் என்று, பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க அவன் 'கிலோ கள்ளன்'. நரம்பில்லாத நாக்குதானே, எப்படியும் வளையும்! இன்று பன்னிரண்டு மணிக்கு விசாரணை. வேலை போவது நிச்சயம் என்றார்கள்.

"மாரியம்மா மேல சத்தியமா நான் தொடல தங்கச்சி. நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றான் ஜீவராஜ், ஆபீஸ் வாசலில் நின்று.

"கள்ளன எப்படியும் புடிச்சிருவேண்ணே."

மணி பதினொன்றரை. அசல் ஃபைலைப் பக்கத்தில் வைத்து அவள் வரிவரியாக ஒப்பிட்டாள். தேடவே தேவையில்லை. தலைப்பிலேயே ஒரு வரி கூடுதல். அதில் ஒரேயொரு எழுத்து: உ.

பிள்ளையார் சுழி! ஆயுத பூசையன்று பெக்டரி மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்தபோது, மெஷின் வாசிக்காத வரிதானே என்று அவளே போட்டது. அடிப் பாவி, ஒரு மனுஷனின் சோற்றில் மண்ணைப் போட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சத்தமில்லாமல் அழித்துவிட்டால் கைரேகை சரியாகிவிடும். ஆனால் மாறியிருந்தது என்று இக்னேசியஸ் சேர் அறிக்கையில் எழுதியாகிவிட்டதே. பழி அவன் தலையில்தான் நிற்கும். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா?" வாசலிலிருந்து ஜீவராஜ்.

"தெரிஞ்சிருச்சு. நான்தாண்ணே."

இக்னேசியஸ் வந்து, அந்த வரியை மட்டும் அழித்து, மறுபடி பார்த்தார். நாற்பத்திரண்டும் ஒத்துப்போயின. அவர் நீட்டிய தாளில், மாற்றியவர் என்ற இடத்தில் சர்மிளா தன் பெயரை எழுதினாள்.

ஜீவராஜ் நன்றி சொல்லவில்லை. "அந்தத் தாள லயத்துல யாரு வாசிக்கப் போறாங்க? நாளைக்குக் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வாங்க. எல்லாரும் கூடி நிக்கிறப்ப, உங்க வாயால சொல்லுங்க."

"வாறேண்ணே" என்றாள் சர்மிளா.