ராவுத்தரின் பித்தத்தில் வளர்ந்த ஈஸ்ட்

கட்டில் கம்பியில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கரும்பச்சையாகப் பித்தநீர். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ராவுத்தருக்குப் பித்தக்குழாய் அடைத்து, விலா வழியாக டியூப் போட்டிருந்தார்கள். தேனியில் அந்த ஆஸ்பத்திரி லேப்பில் நான் டெக்னீஷியன். மாதிரி எடுக்கப் போனபோது அவர் உட்கார்ந்தபடியே தொழுதுகொண்டிருந்தார். தொழுகிறவரைத் தொட மனம் வரவில்லை. டியூபிலிருந்து புதிதாக எடுக்க வேண்டியதை, பையில் முந்தின நாளிலிருந்து தேங்கிக் கிடந்ததிலிருந்து எடுத்து வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள், மாதிரியைத் தடவி வைத்த வளர்ப்புத் தட்டில் ஈஸ்ட் என்கிற பூஞ்சை வளர்ந்திருந்தது. மூடியைத் திறந்ததும் புளித்த மாவு வாசம். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வோர் உருண்டையின் தோளிலும் இன்னொரு குட்டி உருண்டை. பார்க்கப் பார்க்கப் பெருகுவதுபோல் இருக்கவே விளக்கை அணைத்துவிட்டேன். பயந்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆபரேஷன் தியேட்டருக்குக் கிளம்பிய டாக்டரம்மாவிடம், பையிலிருந்து எடுத்ததையும் மறைக்காமல் சொன்னேன். "டியூப் போட்ட பித்தத்துல ஈஸ்ட் ஒட்டத்தான் செய்யும். அதுக்கெல்லாம் மருந்து ஏத்துனா அவுக ஈரல் தாங்காது. காய்ச்சல் இருந்தா யோசிக்கலாம். டியூப்ல இருந்து புதுசா எடுங்க, ரத்தமும் எடுங்க. ஆளப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

சித்திரை மாத மதியம். ரத்தம் எடுக்க அவர் கையைப் பிடித்தேன். கிணற்றுச் சுவர்போல் குளிர்ந்திருந்தது. "தம்பி, அந்தக் காத்தாடிய நிப்பாட்டுங்களேன்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். காற்றாடி ஓடவில்லை. அவருடைய கண்கள் மட்டும் அது ஓடுவதுபோல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

"காய்ச்சல் இல்ல மேடம்" என்று மட்டும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். மருந்து தொடங்கவில்லை. வயதானவர்களுக்குக் கிருமி முற்றினால் உடம்பு சுடாமல் குளிர்ந்தும் போகும் என்று நானும் படித்தவன்தான். குளிர்ச்சியைப் பற்றி டாக்டரம்மா கேட்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறுநாள் அவர் நிலை மோசமாகி மருந்து ஏற்றியபோது நேரம் கடந்திருந்தது. புதிய தட்டிலும் ரத்தத்திலும் அதே ஈஸ்ட் வளர்ந்ததை, அவரை அடக்கம் செய்த பிறகுதான் பார்த்தேன்.

கணவரை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தா முடிந்து, நாலு மாதத்துக்கு மேல் கழித்து, அவர் மனைவி ரிப்போர்ட் வாங்க வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதான கையப் பிடிச்சு ரத்தம் எடுத்தீக. காலையில இருந்தே குளுருதுன்னாக. காத்தாடிய நிப்பாட்டிட்டுப் போர்வையப் போத்திவிட்டேன், யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்கும் கை குளுந்து தெரிஞ்சதா?"

"இல்லம்மா, எனக்குத் தெரியல" என்றேன்.

ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.